இரண்டாவது தாள்

பிறேமன், ஜேர்மனி
18.01.1998

அன்பு மச்சாள் கமலேசுக்கு,

உன் சுகம், குணம் அண்ணாவின் சுகம், மாமியின் முழங்காலின் சுகம் எல்லாம் அறிய ஆசை. எனக்குக் குளிரைத் தவிர வேறு வருத்தம் இல்லை. அண்ணன் பெண்சாதிக்கு 'நீங்கள்' போட்டு எழுதவேண்டும் என்று அம்மா கண்ணை மூடும்வரை சொன்னா. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நாலு வருசம் ஒரே அறையில் உன் குறட்டையைக் கேட்டவளுக்கு அது ஏலாது.

காரியத்துக்கு வருகிறேன். என் ஆராய்ச்சி வெள்ளித் துணிக்கைகளைப் பற்றியது என்று முன்பே எழுதியிருந்தேன். ஒரு தலைமயிரின் தடிப்புக்குள் ஆயிரம், இரண்டாயிரம் அடுக்கலாம், அவ்வளவு சின்னன். கண்ணாடித் தகட்டில் கூட்டமாக ஒட்டிக் கிடக்கும் சிலவற்றைப் படம் பிடித்து, ஒவ்வொன்றும் எந்த இடத்தில் இருக்கிறது என்று அளந்து வைத்திருக்கிறேன். அந்தக் கூட்டத்தில் ஒளி விழுந்தால் எந்தப் பக்கம் எவ்வளவு சிதறும் என்று கணனியில் கணித்துப் பார்ப்பதுதான் வேலை. ஒன்று மட்டும் என்றால் பழைய சூத்திரம் போதும். கூட்டம் என்றால் அப்படி இல்லை. ஒன்றில் பட்டுச் சிதறிய ஒளி பக்கத்தில் இருப்பதில் போய் விழும். அது சிதறித் திரும்ப இதில் விழும். எதையும் தனியாக எடுத்துக் கணக்குப் போட முடியாது. எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துத்தான் தீர்க்கவேண்டும்.

தீர்த்துவிட்டேன். பேராசிரியர்தான் நம்புகிறார் இல்லை. விடை நான் அளந்த சிதறலோடு இவ்வளவு வடிவாகப் பொருந்தினால் எங்கேயோ பிழை இருக்கும் என்கிறார். என் விடையையும் என் புரோகிராமையும் பார்க்காத ஒருவர், தானே எழுதிக் கணித்துக் காட்டவேண்டுமாம். கடைசி வருசத்தில் இதே மாதிரிக் கணக்குக்குப் புரோகிராம் எழுதி எல்லாரையும் வாயைப் பிளக்க வைத்தது யார்? உன்னைத்தான் சொன்னேன். திருகோணமலையில் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படிப்பிக்கிறாள் என்றேன். அவருக்கு அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று தெரியாது. சரி என்றார்.

துணிக்கைகளின் இடங்களைக் கையால் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். புரட்டாதியில் ஆய்வேட்டைக் கொடுக்கவேண்டும். நீ கைவிடமாட்டாய் என்ற துணிச்சலில் இருக்கிறேன்.

உன்
திலகா


திருகோணமலை
15.03.1998

என் அருமை மச்சாள்,

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் மழைக்கு முதல்நாளே அறிவித்தல் தருகிறது. நீ சூடாகச் சாப்பிடு, காய்ந்த பாண் துண்டைக் கடித்துக்கொண்டு திரியாதே.

உன் கடிதம் வர ஒரு மாதத்துக்கு மேல் எடுத்தது. வழியில் யாரோ பிரித்து, வாசித்து, திரும்பக் கோந்து பூசி ஒட்டியிருக்கிறார்கள். இங்கே வெளிநாட்டுக் கடிதம் எல்லாம் இப்படித்தான் வருகிறது. பூசிய கோந்துக்காவது நன்றி சொல்லவேண்டும், நல்ல கோந்து.

என்னிடம் படித்த நஜ்முன் நிஸா இப்போது கிண்ணியாவில் பெண்பிள்ளைகளுக்குக் கணனி வகுப்பு நடத்துகிறாள். சனிக்கிழமை பின்னேரம் ஒரு கணனி சும்மா இருக்கும், வாங்கோ ரீச்சர் என்றாள். பஸ்ஸில் சீனன்குடாவைத் தாண்டிப் போய், துறையில் இறங்கி, மிதவையில் ஏறி அக்கரைக்குப் போகிறேன். வழியில் ஆமியின் சோதனைச் சென்றி எத்தனை என்று உனக்குத் தெரியும். ஒன்றில் நின்ற ஆமிக்காரன் என் கைப்பையிலிருந்து பிளொப்பியை எடுத்து, "இது உள்ளுக்கு என்ன?" என்று கேட்டான். "வெளிச்சம்" என்றேன். அவன் அதைத் தூக்கிச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "இல்லையே" என்றான். "கொஞ்சந்தான் இருக்கு" என்றேன். பின்னால் நின்ற சனம் சிரித்துவிட்டது. வீட்டுக்கு வந்து இதைச் சொல்ல, உன் அண்ணா சிரிக்கவில்லை. "உன்ர வாய் ஒரு நாளைக்கு என்னை ஏதாவது ஒரு வாசல்ல கொண்டுபோய் நிப்பாட்டும்" என்றார். கச்சேரியில் அரசாங்க வேலை செய்கிற மனுசன், எல்லாவற்றுக்கும் பயம்.

புரோகிராமைப் புதிதாகவே எழுதினேன். பழையது நினைவில் இருந்தது பாதிதான். என் விடைகளை இத்துடன் அனுப்புகிறேன். சரி பார்த்துவிட்டு உன் பேராசிரியருக்கு உலகப்படத்தில் திருகோணமலையைக் காட்டு.

அன்புடன்
கமலேஸ்

பி.கு.: கடிதத்தைப் பிரிக்கும் ஐயாவுக்கு: இந்த எண்கள் வெள்ளித் துணிக்கையில் பட்டுச் சிதறும் ஒளியின் அளவு. வேறு ஒன்றும் இல்லை. சந்தேகம் இருந்தால் பள்ளிக்கூடத்துக்கு வரலாம், படிப்பிப்பேன்.


பிறேமன்
20.04.1998

அன்பு மச்சாள்,

நீங்கள் எல்லாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்குச் சுகம் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனதுக்கு.

உன் விடையும் என் விடையும் பொருந்தவில்லை. கொஞ்சநஞ்சம் விலகல் என்றால் பரவாயில்லை என்று விட்டுவிடலாம். முன்பக்கச் சிதறலில் உன்னுடையது என்னுடையதில் பாதி! பேராசிரியர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இரண்டு பேரில் ஒருவர் பிழை, யார் என்று கண்டுபிடித்துவிட்டு வா என்று எழும்பிப் போனார். மூன்று கிழமையாக என் புரோகிராமை வரி வரியாகப் பார்க்கிறேன். ஒன்றும் அகப்படவில்லை. மூன்று வருச உழைப்பு, கமலேஸ். இது பிழைத்தால் ஆய்வேடு இல்லை, உதவிப்பணம் இல்லை, விசாவும் இல்லை.

நீயும் உன்னுடையதைப் பார். முப்பதில் கடைசிப் பக்கமாக வரும் இருபத்தேழும் இருபத்தெட்டும் மற்றவற்றைவிட இறுக்கமாக ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்கின்றன. அப்படித் தொடும் இடத்தில் உன் புரோகிராம் சறுக்குகிறதோ என்று யோசிக்கிறேன். கோபிக்காதே.

உன்
திலகா


திருகோணமலை
24.05.1998

அன்பு மச்சாள்,

எங்களுக்குச் சுகம். உனக்கும் இனிச் சுகம் வரும், கடிதத்தை முழுக்க வாசி.

உன் கடிதம் கண்டதும் எனக்குக் கோபம் வந்தது உண்மை. என் புரோகிராம் சறுக்குமாம்! உடனே கிண்ணியாவுக்குப் போய், கணக்குக்குள் விளக்கையும் கண்ணையும் இடம் மாற்றிப் பார்த்தேன். விளக்கு இருந்த இடத்தில் கண், கண் இருந்த இடத்தில் விளக்கு. விடை மாறக்கூடாது. மாறவில்லை. துணிக்கைகள் பறித்த ஒளியும், சிதறினதும் உறிஞ்சினதும் சேர்ந்த ஒளியும் சமனா என்று பார்த்தேன். சமன். பிழை உன்னில்தான் என்று எழுதப் பேனையை எடுத்துவிட்டு, எதற்கும் அந்த இருபத்தேழைப் பார்ப்போம் என்று உன் பட்டியலை எடுத்தேன்.

எந்த இருபத்தேழு? என்னிடம் இருக்கும் தாள் இருபத்திரண்டோடு முடிகிறது. அதற்குக் கீழே கோடு இல்லை, முற்றுப்புள்ளி இல்லை, ஒன்றும் இல்லை. நானும் இதுதான் கூட்டம் என்று இருபத்திரண்டை வைத்துக் கணித்திருக்கிறேன். நீ முப்பதை வைத்துக் கணித்திருக்கிறாய். இரண்டு பேரும் இவ்வளவு நாளும் எங்களையே திட்டிக்கொண்டு இருந்திருக்கிறோம். இரண்டு புரோகிராமும் சரி. இரண்டாவது தாளைத்தான் உறைக்குள்ளிருந்து எடுத்திருக்கிறார்கள்.

அதில் என் எட்டுத் துணிக்கை இருக்கிறது. நாளைக்குத் திங்கட்கிழமை. போய்க் கேட்கப்போகிறேன்.

அன்புடன்
கமலேஸ்


திருகோணமலை
09.06.1998

அன்பு மச்சாள்,

நாங்கள் சுகம். அம்மா சுகம். மழை இல்லை.

போனேன். கேட்டேன். அப்படி ஒரு தாள் வரவில்லை என்றார்கள். வந்துவிட்டேன்.

தாளைத் திரும்ப எழுதி அனுப்பாதே. அனுப்பினால் பிரிக்கமாட்டேன். என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் பேனையைக் குறை சொல்.

கமலேஸ்


திருகோணமலை
14.06.1998

அன்புத் தங்கச்சி திலகாவுக்கு,

அண்ணா எழுதுவது. நீ சுகமாக இருக்கவேண்டும் என்பதே எங்கள் விருப்பம். நான் உனக்குக் கடிதம் எழுதிக் கனகாலம். இதை நான் எழுதினது கமலேசுக்குத் தெரியவேண்டாம்.

அவள் உனக்கு என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரியாது. முழுதாக எழுதியிருக்கமாட்டாள். அந்தத் திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல், கடிதம் பிரிக்கிற ஆமி முகாம் வாசலுக்குப் போயிருக்கிறாள். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, "என்ர எட்டுத் துணிக்கையைத் தாங்கோ" என்றாளாம். அப்படி ஒரு தாள் வரேல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். சரி என்று திரும்பி வரவேண்டியதுதானே! இவள் வாசலில் நிலத்தில் குந்திவிட்டாள். உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். புதன்கிழமை பின்னேரம்தான் விட்டார்கள். நானும் மாமியும் அந்த இரண்டு நாளும் பட்டதை எழுத ஏலாது. மாமி எட்டு வருசத்துக்கு முன் தவசீலனுக்காக நின்ற அதே இடத்தில் வந்து நின்றா. பொடியனை உனக்குத் தெரியும்தானே, கமலேசின் தம்பி. உன்னை 'பெரிய ரீச்சர்' என்று பகிடி பண்ணுவான். அவனுக்கும் அந்த வாசலில் ஒரே ஒரு பதில்தான்.

கமலேசின் வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. கேட்டால் விழுந்ததாம்.

தங்கச்சி, உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன், இனி எண் ஒன்றும் அனுப்பாதே. உன் படிப்பு எனக்கும் பெருமைதான். ஆனால் எனக்கு ஒரு பெண்சாதிதான் இருக்கிறாள்.

அன்பு அண்ணா
குணரத்தினம்


பிறேமன்
19.07.1998

அன்பு மச்சாள்,

உன் வைகாசிக் கடிதமும், ஆனிக் கடிதமும், அண்ணாவின் கடிதமும் ஒரே நாளில் வந்தன. முதலாவதை வாசித்து வாய்விட்டுச் சிரித்தேன். இரண்டாவதை வாசித்து யோசித்தேன். மூன்றாவதை வாசித்துவிட்டுக் குளியலறையில் போயிருந்து அழுதேன். கை எப்படி இருக்கிறது? உண்மையைச் சொல்.

பிழை என்னுடையது. அந்த இரண்டாவது தாளின் பின்பக்கத்தில் நான் ஒரு படம் கீறியிருந்தேன். துணிக்கைகள் வளைந்து கிடக்கும் விதத்தைக் காட்ட ஒரு வளைவு, ஒளி வரும் திசைக்கு அம்புக்குறிகள். இப்போது நினைத்துப் பார்க்கிறேன். எங்கள் ஊர்க் கொட்டியாரக்குடாவின் கரையைக் கீறி, தாக்க வரும் வழியைக் காட்டினது மாதிரித்தான் இருந்திருக்கும். துறைமுகத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தோன்றவில்லையே!

போதும், கமலேஸ். பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன். பின்லாந்தில் ஒருவர் இருக்கிறாராம், அவரைக் கொண்டு சரி பார்ப்போம் என்றார். ஆய்வேட்டைத் தை மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டேன். உனக்கு அனுப்புவதை நிறுத்துகிறேன். இனிப் பூச்செடி பற்றியும் சமையல் பற்றியும் எழுதுவோம்.

கண்ணீருடன்
திலகா


திருகோணமலை
23.08.1998

பயந்தாங்கொள்ளி மச்சாளுக்கு,

கை ஆறிவிட்டது. கரும்பலகையில் எழுதுகிறேன், மாவும் குழைக்கிறேன். அம்மா சுகம். உன் அண்ணாவுக்கு இரண்டு நாள் சோறு மட்டும் போட்டேன், கதை ஒன்றும் கொடுக்கவில்லை. பிறகு பாவம் என்று விட்டுவிட்டேன். அவருடைய பயம் முழுக்க எனக்காகத்தான்.

உனக்கு ஏன் சொல்லவில்லை? சொன்னால் நிறுத்துவாய் என்று தெரியும். அவர் சொன்னார், நீ நிறுத்திவிட்டாய். பூச்செடி பற்றி எழுத எனக்குப் பூச்செடி இல்லை.

இப்போது நான் சொல்வதைக் கேள். தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் தவசீலனைச் சந்தையடியில் வைத்துப் பிடித்தார்கள். ஊரே பார்த்தது. அம்மா அந்த வாசலுக்குப் போய்க் கேட்டா. "அப்பிடி ஒராளை நாங்கள் பிடிக்கேல்லை" என்றார்கள். அம்மா திரும்பத் திரும்பப் போனா. திரும்பத் திரும்ப அதே சொல். எட்டு வருசமாக இந்த வீட்டில் நாங்கள் அந்தச் சொல்லோடுதான் சாப்பிடுகிறோம், படுக்கிறோம். வைகாசியில் நான் அந்தத் தாளைக் கேட்டேன். "அப்பிடி ஒரு தாள் வரேல்லை" என்றார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அதே சொல்லை இரண்டாவது தரமும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வர என்னால் ஏலாது. அதுதான் குந்தினேன்.

உள்ளே வைத்து இரண்டு நாளும் என்ன கேட்டார்கள் தெரியுமா? அந்த வளைவு எந்தக் குடா, அம்புக்குறி எந்தப் பக்கத்தைக் காட்டுகிறது என்றுதான் கேட்டார்கள். நான், "வராத தாளில வளைவு எப்பிடி ஐயா இருக்கும்?" என்றேன். கை வீங்கினது அப்போதுதான்.

உன் பேராசிரியரிடம் போய் பின்லாந்து வேண்டாம் என்று சொல். தாளையும் திருப்பி அனுப்பாதே. அனுப்பினால் எடுத்தவர்களுக்கு நிம்மதி. நீ உண்மையான துணிக்கைக் கூட்டத்தில் அளந்த சிதறல் எண்கள் இருக்குமே, அதில் பாதியை மட்டும் அனுப்பு. இடப்பக்கம் விளக்குப் பிடித்து அளந்ததை எனக்கு அனுப்பு, வலப்பக்கத்தை நீ பூட்டி வை. எட்டும் எங்கே இருந்தன என்று இந்த இருபத்திரண்டும் சொல்லும். எட்டிலும் பட்ட ஒளி இவற்றிலும் விழுந்திருக்கிறது. எதையும் தனியாக எடுக்க முடியாது என்று முதல் கடிதத்தில் எழுதினது நீதான். நான் கண்டுபிடிக்கும் எட்டும் சரியென்றால், நீ பூட்டி வைத்திருக்கும் எண்களோடும் பொருந்தும். பொருந்தாவிட்டால் பின்லாந்துக்குப் போ, நான் வாயைத் திறக்கமாட்டேன்.

பயப்படுவதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ எண்களை அனுப்பு.

கமலேஸ்

பி.கு.: கடிதத்தைப் பிரிக்கும் ஐயாவுக்கு: இதற்குப் பதிலாக எண்கள் வரும். படம் வராது. எடுத்தால் திரும்பவும் வந்து கேட்பேன். வழி தெரியும்.


திருகோணமலை
08.11.1998

அன்பு மச்சாள்,

எல்லாரும் சுகம். மாரி தொடங்கிவிட்டது, அம்மாவின் முழங்கால் முதல்நாளே சொன்னது.

புரட்டாதியில் உன் உறை வந்தது. சுகம் கேட்டு ஒரு வரிகூட இல்லை. எண்கள் மட்டும். எவ்வளவு பயந்துகொண்டு அனுப்பியிருப்பாய் என்று அதிலேயே தெரிந்தது. ஆனாலும் அனுப்பினாய். அன்றைக்கு உன்னைப் பயந்தாங்கொள்ளி என்று எழுதினதை அழித்துவிடு.

உன் முதல் தாளில் தனித்துக் கிடக்கும் துணிக்கை ஒன்றுகூட இல்லை. எல்லாம் யாரோ ஒருவரைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. அதைப் பிடித்துக்கொண்டேன். ஒன்றை எடுத்து, இருப்பவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டபடி வைப்பேன். கணிப்பேன். உன் எண்களுக்குக் கிட்டப் போனால் இருக்கட்டும், தூரப் போனால் எடுத்து வேறு இடத்தில் வைப்பேன். இதைக் கணனியே செய்யும்படி எழுதிவிட்டு நிஸாவோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பேன். நாலு வரை சுகமாகப் போனது. ஐந்தாவதில் முட்டுப்பட்டேன். எங்கே வைத்தாலும் தூரப் போனது. பிறகு மிதவையும் இரண்டு கிழமை ஓடவில்லை. வீட்டிலிருந்து யோசித்தேன். முதலில் வைத்த ஒன்று பிழையான இடத்தில் இருந்துகொண்டு மற்றதை எல்லாம் விலக்குகிறது. அதில் வீண் பாசம் வைத்து விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான். அடுத்த சனிக்கிழமை எல்லாவற்றையும் தூக்கிவிட்டுத் திரும்பத் தொடங்கினேன். வகுப்புக்கு வரும் பெட்டைகளுக்குள் பந்தயம். "ரீச்சர், ஏழாவது மேல்பக்கந்தான் வரும்" என்று ஸுல்பிகா என்ற ஒருத்தி அடித்துச் சொன்னாள். மேல்பக்கம்தான் வந்தது.

எட்டும் கிடைத்துவிட்டது. இடங்களைக் கீழே எழுதியிருக்கிறேன். இருபத்தெட்டு மட்டும் கொஞ்சம் ஆடுகிறது. பூட்டி வைத்ததைத் திற.

ஆவலோடு
கமலேஸ்

பி.கு.: கடிதத்தைப் பிரிக்கும் ஐயாவுக்கு: கீழே இருப்பது உங்களுக்கு வராத அந்தத் தாள். உங்கள் மேசையில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கவும். இருபத்தெட்டில் வித்தியாசம் இருந்தால் அறிவிக்கவும்.


பிறேமன்
13.12.1998

என் மச்சாள், என் கமலேஸ்,

உனக்கும் மாமிக்கும் அண்ணாவுக்கும் இந்தக் குளிரிலிருந்து ஒரு சூடான முத்தம். உறையைப் பிரித்துத்தான் இருந்தார்கள். தாள் முழுவதும் வந்து சேர்ந்தது.

உன் எட்டையும் என் தாளோடு ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். எட்டும் அதே இடம்! இருபத்தெட்டு மட்டும் ஒரு நூல் விலகல். பிறகு உன் முப்பதையும் போட்டு, வலப்பக்க விளக்குக்குக் கணித்து, பூட்டி வைத்த எண்களோடு ஒப்பிட்டேன். பேராசிரியர் என் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றார். பொருந்தியது. மனுசன் போய் இரண்டு கோப்பி கொண்டுவந்து ஒன்றை என் முன்னால் வைத்தார். மூன்று வருசத்தில் இதுதான் முதல் தரம். ஆய்வேடு ஏற்கப்பட்ட மாதிரித்தான். கட்டுரை ஒன்றும் எழுதுகிறோம். உன் பெயர் என் பெயருக்குப் பக்கத்தில் வருகிறது, கீழே 'திருகோணமலை' என்று ஊரோடு.

இன்னொன்று. பேராசிரியர் கட்டுரையில், 'தபாலில் காணாமற்போன எட்டுத் துணிக்கைகளின் இடங்கள்' என்று எழுதியிருந்தார். நான் அதைப் பார்த்தேன். தவசீலனின் முகம் வந்தது. காணாமற்போன என்பதை வெட்டிவிட்டு, 'சேர முன்னர் எடுக்கப்பட்ட' என்று எழுதினேன். அதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டார். இரண்டு தரம் கோந்து பூசிய உன் உறைகளை எல்லாம் கொண்டுபோய் மேசையில் பரப்பினேன். ஒன்றை எடுத்து ஒட்டின ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, அப்படியே இருக்கட்டும் என்றார். அப்படியே அச்சாகும்.

நீ பக்கத்தில் இல்லையே என்றுதான் துக்கம்.

உன்
திலகா


திருகோணமலை
24.01.1999

அன்பு மச்சாள்,

உன் சுகத்துக்கு இனிக் குறைவு வராது. இங்கே அம்மாவும் சுகம், நானும் சுகம், உன் அண்ணாவும் ஒரு வகையில் சுகம்.

நீ வெட்டி எழுதின அந்த வசனத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். துணிக்கை, சிதறல் எல்லாம் அவவுக்கு விளங்கவில்லை. 'எடுக்கப்பட்ட' என்ற இடத்தில் மட்டும், "திரும்ப வாசி" என்றா. திரும்ப வாசித்தேன். "அப்ப புத்தகத்தில போடுவினமோ?" என்று கேட்டா. ஓம் என்றேன். எழும்பிக் குசினிக்குள் போய் அடுப்பை மூட்டினா.

தவசீலனைப் பற்றி எழுதும் பத்திரங்களில் எல்லாம் காணாமற்போனவர் என்றுதான் இருக்கிறது. அவன் எங்கேயும் போகவில்லை. கொண்டுபோனார்கள். இத்தனை வருசமும் நாங்கள் அவனைப் பற்றி மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். உன் எட்டையும் தேடி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்குச் சந்தையடியில் பிடித்தது அவனை மட்டும் இல்லை. அதில் திரும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு நாளும் நாங்கள் போய்க் கேட்கவில்லை.

போன மாதம் தொடங்கினேன். எல்லாரிடமும் ஒரே கேள்விதான். உங்களுக்குப் பக்கத்தில் யார் இருந்தது? சிலர் கதவைச் சாத்தினார்கள். சம்பூரில் ஒருவர் இரண்டு தரம் இல்லை என்று சொல்லிவிட்டு மூன்றாம் தரம் சொன்னார். நிஸாவின் மாமா முனாப் அன்றைக்கு மீன் கொண்டு சந்தைக்கு வந்தவர். இதுவரைக்கும் அவரிடம் ஒருவரும் கேட்கவில்லையாம். கேட்டதும் அழுதுவிட்டார். "எனக்கு எடப்பக்கந்தான் புள்ள, ஒன்ட தம்பி இருந்தாரு. தன்ட தண்ணியில பாதிய எனக்குத் தந்தாரு. லொறி வந்ததும் அவரையும் கப்பல்துறைப் பொடியன் ஒருத்தனையும் பின்னால ஏத்தினாங்க. என்ன எறக்கி விட்டுட்டாங்க" என்றார்.

கப்பல்துறைக் கிராமத்துக்குப் போனேன். அந்தப் பொடியனின் தாய் கனகம்மா. அவவுக்கும் அந்த வாசலில் அதே பதில்தான் சொல்லியிருக்கிறார்கள். தன் மகனுக்குப் பக்கத்தில் இன்னொருவர் இருந்ததே அவவுக்கு என்னிடமிருந்துதான் தெரியும். என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. தவசீலனைத் தேடிப்போன எனக்கு இப்போது இரண்டு பேர்.

நாளைக்குத் திங்கட்கிழமை. அம்மா, கனகம்மா, முனாப் மாமா, நான், நாலு பேரும் அந்த வாசலுக்குப் போகிறோம். உன் அண்ணா நேற்று இரவு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "பிடிக்கேல்லை எண்டு திரும்பவும் சொன்னால்?" என்று கேட்டார். "பக்கத்தில இருந்தவர் இவர் எண்டு முனாப் மாமாவைக் காட்டுவன்" என்றேன். கையைக் கழுவிவிட்டு வந்து, "அஞ்சு பேராப் போவம். நான் லீவு போட்டனான்" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்தது.

என்ன நடந்தது என்று எழுதுவேன். இந்தத் தரம் எதையும் விடாமல் எழுதுவேன்.

உன்
கமலேஸ்

பி.கு.: கடிதத்தைப் பிரிக்கும் ஐயாவுக்கு: இதில் மூன்று தாள் இருக்கிறது. வாசித்து முடிந்ததும் எண்ணிப் பார்த்து ஒட்டவும்.